ஷெட்டில் பெட்ரோல் வாடை

செப்டம்பர் 22, திங்கள்

கொலு வைத்தாயிற்று. அத்தைக்கு ஏழு படி வேண்டும். ஐந்தோடு நிறுத்தினேன்.

ஷெட்டில் மறுபடி வாடை. கதவைத் திறந்ததுமே தொண்டையில் ஏறுகிறது. புல் வெட்டும் மெஷினுக்கு அடியில் சிமெண்ட் ஈரம். தொட்டேன். விரல் சில்லென்றது, உடனே காய்ந்தும் போனது. ஆயில் இல்லை. பெட்ரோலேதான்.

வெந்நீர் அடுப்பு அதே சுவருக்கு இந்தப் பக்கம். தூக்கமே வரவில்லை.

செப்டம்பர் 23

விடிவதற்கு முன்பே எழுந்து மெஷினை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். பனி. எதிரே சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. இன்றைக்கு அடுப்பு மூட்ட வேண்டாம் அத்தை என்றேன். "இந்தக் குளிர்ல பச்சைத் தண்ணியில குளிக்கச் சொல்றியா கண்ணு? வாடைதானே, போயிரும்."

போகாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே எழும்பாது. தரையோடு தரையாகப் படர்ந்து பள்ளம் தேடும். அடுப்பின் வாய் தரையில்தான் இருக்கிறது. எப்படிச் சொன்னாலும் அத்தைக்கு அது வெறும் வாடை.

இவர் போனில்: "நான் வந்து பாத்துக்கறேன், நீ தொடாத." தசரா டிரிப் முடிந்து மைசூரிலிருந்து எப்போது வருவாராம்? காலாண்டு லீவுக்கு ஆள் வருகிறது இங்கே. முழங்கால் உயரம் நிற்கிறது புல். போன வருஷம் அதே இடத்தில்தான் விரியன் கிடந்தது.

மெஷினுக்கு அடியில் பேப்பர் விரித்து வைத்தேன்.

செப்டம்பர் 24

பேப்பரில் உள்ளங்கை அகலம் கறை.

கடைத்தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "டியூப் போயிருக்கும். இல்லைன்னா கார்புரேட்டரையே மாத்திடுங்க." எனக்குக் கோபம் வந்தது. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் எதை மாற்றுவது? டீ கொடுத்து அனுப்பினேன்.

டியூபை முழு நீளமும் வளைத்துப் பார்த்தேன். வெடிப்பு இல்லை. கிளிப் ஓரம் காய்ந்த துணியால் சுற்றினேன், துணி காய்ந்தேதான் இருந்தது. பெட்ரோல் டேப்பை மூடி, பேப்பரை மாற்றிவிட்டுப் படுத்தேன். நடுராத்திரி டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருக்கிறது.

செப்டம்பர் 25

பேப்பர் காய்ந்தே கிடந்தது! டாங்க் நல்லது. டேப் நல்லது. சிக்கல் அதற்குக் கீழே.

கார்புரேட்டரைத் துடைத்துக் காயவிட்டு, அத்தையின் முகப்பவுடரை எல்லாப் பக்கமும் தூவினேன். பிறகு டேப்பைத் திறந்துவிட்டு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கண் எரிந்தது. இமைக்கவும் பயம்.

முதலில் நனைவது கீழே, பவுல் என்கிற அடிக்கிண்ணம் சேரும் இடத்தில்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். இல்லை. மேலே, ஏர் ஃபில்டர் பக்கத்து வாயில், பவுடரில் ஒரு கறுப்புக் கோடு. அது மெதுவாக இறங்கி, பவுலைச் சுற்றி வந்து, அப்புறம்தான் சொட்டு. ஃபில்டரைக் கழற்றினேன். பஞ்சு தொப்பலாக நனைந்திருந்தது.

உள்ளே பெட்ரோல் நிற்க வேண்டிய மட்டத்தில் நிற்கவில்லை. மிதவை மேலே வந்ததும் ஊசி வழியை அடைக்க வேண்டும். அடைக்கவில்லை.

அவ்வளவு சந்தோஷம். யாரிடம் சொல்வது? அத்தை பவுடர் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 26, வெள்ளி

சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. தண்ணியாக. மூக்கருகே கொண்டுபோனேன், பெட்ரோல். வெளியே ஒழுகியது பாதிதான். மீதி வால்வு வழியாக எஞ்சினுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. இந்த ஆயிலோடு ஓட்டினால் உள்ளே எல்லாம் தேய்ந்துபோகும்.

கயிறு இழுக்க வரவில்லை, இறுகி நின்றது. பலம் போடவில்லை. பிளக்கைக் கழற்றி, வயரை எட்ட ஒதுக்கிவிட்டு மெல்ல இழுத்தேன். ஓட்டை வழியாகப் பீச்சியது. புடவை நனைந்தது. மூன்று சோப்புத் தண்ணிக்கும் வாடை போகவில்லை.

ஆயில் முழுக்க வடித்தேன். முதுகு விண்விண் என்கிறது. இதை விற்றுவிட்டு ஆளை வைத்துக் கத்தியால் வெட்டச் சொல்லலாம். அத்தை ஆடு வாங்கச் சொல்கிறார். இன்றைக்கு அது சரியென்றே படுகிறது.

ராத்திரி டேப்பைப் பார்த்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 27

விற்கவெல்லாம் மாட்டேன்.

பத்தாம் நம்பர் ஸ்பேனரில் பவுல் கழன்றது. கிண்ணத்தில் பிடித்து வெயிலில் சாய்த்தேன். அடியில் தண்ணீர், பெட்ரோலோடு சேராமல் தனியாக உருண்டது. பவுலில் துரு. மேலே அலுமினியத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மிதவையைக் காதோரம் ஆட்டினேன். உள்ளே சலசலப்பு இல்லை, ஓட்டையில்லை. ஊசியின் ரப்பர் நுனியில் வளையமாக ஒரு பள்ளம். நகத்தில் தட்டுப்படுகிறது. அந்தப் பள்ளம்தான். கடுகுகூட உட்காராது அதில்.

இது ஏன் என்று தம்பியிடம் கேட்டேன். 2030க்கு என்றிருந்த இலக்கை முன்னால் இழுத்து 2025லேயே பெட்ரோலில் 20 சதம் எத்தனால் கலக்கிறார்களாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய எஞ்சினின் ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. இங்கே சேர்வராயன் மலையில் ஈரத்துக்கா குறைச்சல்? பாதி டாங்க்கோடு ஷெட்டில் நிற்கிறது, பனி மூச்சு விடுகிற இடம். இனி வெட்டி முடித்ததும் டேப்பை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். டாங்க்கை வடித்துவிட வேண்டும். புல் வெட்டுகிற பையனிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 29, திங்கள்

சேலம். 20 வளைவும் இறங்குவதற்குள் காது அடைத்து, வயிறு புரண்டு. கையில் எலுமிச்சை. கீழே அனல்.

முதல் கடையில் ஊசி தனியாகத் தரமாட்டார்களாம். அடுத்த கடையில் ஒரு பெரியவர், பழைய ஊசியைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்தார். "சீட்டைத் தீக்குச்சியில பஞ்சு சுத்தித் துடைம்மா. கம்பி விடாத." பவுல் வாஷர் இல்லை. பரவாயில்லை. நன்றாகப் பேசினார். ஆம்பளை இல்லையா வீட்டில் என்று கேட்காதவர்.

செப்டம்பர் 30

ஊசி உட்காரும் சீட்டைத் துடைத்தேன். ஊசி மாட்டினேன். டியூபில் வாய் வைத்து ஊதினேன், காற்று போனது. கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து ஊதினேன். மிதவை தன் எடையில் ஊசியை அழுத்த, காற்று நின்றது. கன்னம் உப்பியதுதான் மிச்சம். திருப்பினேன், போனது. கவிழ்த்தேன், நின்றது. விடாமல் செய்துகொண்டிருந்தேன். வாயெல்லாம் பெட்ரோல் கசப்பு.

ஆனால் பவுல் வாஷர் ஊறிப் பெருத்துவிட்டது. பள்ளத்தில் உட்காரவில்லை, ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்புகிறது. அழுகை வந்தது. இவ்வளவு செய்து ஒரு ரப்பர் வளையத்துக்காக.

பூஜை மாடத்தின் ஓரமாகக் காயப் போட்டிருக்கிறேன். அத்தைக்குத் தெரியாது.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

வாஷர் சுருங்கியிருக்கிறது! பள்ளத்தில் அப்படியே உட்கார்ந்தது.

அரிவாள், மண்வெட்டி, அருவாமனை, அத்தையின் பழைய காப்பிக் கூடை, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். மெஷினுக்கும். டாங்க்கை வடித்தாயிற்றே, கற்பூரம் காட்டினால் என்ன என்றார் அத்தை. காலி டாங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும். கிட்டே வேண்டாம் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. படியிலேயே நின்று, அங்கிருந்தே மெஷினைப் பார்த்துக் கற்பூரத்தைச் சுற்றினார். பிறகு எனக்கு முதலில் பொரி கொடுத்தார்.

அக்டோபர் 2

புது ஆயில். புது பெட்ரோல், கொஞ்சம்தான். டேப்பைத் திறந்து, அடியில் பேப்பர். நாள் முழுக்க. சமையலுக்கு நடுவே ஓடி ஓடிப் பார்த்தேன். சாம்பார் அடிபிடித்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பேப்பர் பேப்பராகவே இருக்கிறது. ராத்திரி குனிந்து மூக்கை வைத்துப் பார்த்தேன். ஷெட்டில் சாக்கு வாடை, மண் வாடை. அவ்வளவுதான்.

அக்டோபர் 3, வெள்ளி

கயிறு லேசாக வந்தது. இழுக்க இழுக்க இருமல், புகை, பிறகு பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை கொஞ்ச நேரம், அப்புறம் சுத்தம். உள்ளங்கை அதிர்கிறது இன்னும், எழுதும்போதும்.

வேலி ஓரம்வரை வெட்டினேன். ஈரப்புல் கட்டிக்கொண்டு கட்டிக்கொண்டு நின்றது. கவிழ்க்கும்போது கார்புரேட்டர் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று பையனுக்குக் காட்டினேன். பாதியில் மழை.

இவர் நாளை வருகிறாராம். "தொட்டியா அத?" என்றார். தொட்டேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஊசியா?" ஆமாம் என்றேன்.

பிளேடு மழுங்கியிருக்கிறது. நாளை காலை தீட்ட வேண்டும். புது வாஷர் கேட்டுப் பெரியவர் கடைக்குப் போன் போட வேண்டும். அத்தைக்கு பவுடர்.