பழையனூருக்கு வழி

திருத்தணியில் குடியிருப்பவன் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் திட்டம் போட வேண்டியதே இல்லை. முதல் நாள் மலை, மறுநாள் திருவாலங்காடு. இரத்தினசபையைக் காட்டி, காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த கதையைச் சொல்லி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம். பக்கத்திலேயே இருக்கும் பழையனூருக்கு யாரையும் அழைத்துப் போவதில்லை. போனால் என்ன காட்டுவது? வயல், ஏரி, சில தெருக்கள். நீலி கதை தெரிந்த பெரியவர்கள் மட்டும், "எழுபது வேளாளர் தீயில் இறங்கினார்களே, அந்தப் பழையனூரா?" என்று ஒரு கணம் நிற்பார்கள்.

ஒரு காலத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. திருஞானசம்பந்தர் தேவாரத்தில் இந்தத் தலம் பழையனூர் ஆலங்காடு. ஊர் முன்னே, காடு பின்னே. சுற்று வட்டாரத்துக்கே பழையனூர் நாடு என்றுதான் பெயர். சம்பந்தருக்கும் முந்தியவரான அம்மையார் தம் மூத்த திருப்பதிகத்தில் காட்டுவது பேய்களும் எரியும் பிணங்களும் நிறைந்த சுடுகாட்டை. சுடுகாடு என்று ஒன்று இருந்தால், பிணத்தைத் தூக்கி வர ஓர் ஊர் இருந்தாக வேண்டும். அம்மையார் அந்த ஊரின் பக்கம் திரும்பவில்லை. நாமும் திரும்பவில்லை.

திரும்பிப் பார்த்தவர்கள் சோழ அரசின் கணக்கர்கள். 1905இல் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் 31 ஏடுகள் உண்டு. கனத்த செப்பு வளையத்தில் கோத்து, புலியும் இரட்டை மீனும் வில்லும் பொறித்த முத்திரையால் மூடியிருக்கிறார்கள். சோழர் வம்சாவளிக்காக வரலாற்றாசிரியர்கள் இதை ஓயாமல் புரட்டுகிறார்கள். ஆனால் இத்தனை செம்பும் செலவானது ஒரே ஒரு ஊருக்காக. சிங்களாந்தகச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாரின் பிரமதேயமாக, அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊராக, இருந்த பழையனூரை, முதலாம் இராசேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் அதிலிருந்து நீக்கி, வேளாளர் பயிரிடும் வெள்ளான்வகை ஊராக்கி, ஆலங்காட்டு இறைவனுக்குத் தேவதானமாகக் கொடுத்தான். ஊரின் பெருமைக்குச் சான்றாக நாம் காட்டும் இதே சாசனத்தில்தான் ஊர் கோயிலின் சொத்தாக மாறுகிறது. என்னைக் கேட்டால், பழையனூர் ஆலங்காட்டின் நிழலுக்குள் போனது அன்றைக்குத்தான்.

இப்படி ஓர் ஊரைக் கொடுக்கும்போது எல்லை வகுத்த முறை அழகானது. பெண் யானையை நடத்திச் சென்று, அது சுற்றி வந்த வழியே கல்லும் கள்ளியும் நட்டார்கள். பக்கத்து ஊர்கள், ஏரிகள், வாய்க்கால்கள் எல்லாம் ஏட்டில் வரிசையாக ஏறின. சோழர் காலத் தானச் சாசனங்களில் உரிமைகளும் பட்டியலாக வரும்: சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், தென்னை வைக்கலாம். இதைப் படிக்கும்போது இன்னொன்றும் புரிகிறது. செங்கல் வீட்டுக்கே தனி அனுமதி வேண்டியிருந்த காலத்தில், மற்ற எல்லாரும் இருந்தது மண்சுவரும் ஓலைக்கூரையுமான வீட்டில்தான்.

அதனால்தான் நம் ஊர் சுருங்கினால் தடயம் கிடைப்பது கடினம். இங்கிலாந்தின் வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட கிராமத்தில், வீடிருந்த திட்டுகளும் தெருவிருந்த பள்ளங்களும் புல்வெளியில் மேடுபள்ளமாக அப்படியே தெரிகின்றன. 1950இலிருந்து நாற்பது கோடைகள் அங்கே தோண்டினார்கள். அங்கே நிலம் ஆட்டு மேய்ச்சலாகக் கிடந்தது. நாம் ஆண்டுதோறும் உழுகிறோம். மண்சுவர் நாலு மழையில் கரைந்து மண்ணோடு சேர்ந்துவிடும். மிஞ்சுவது நத்தமேடு. முதல் மழைக்குப் பிறகு போனால், சுற்றியுள்ள செம்மண்ணுக்கு நடுவில் அது மட்டும் சாம்பல் பூத்த நிறத்தில் தெரியும். சட்டிப் பானை விளிம்புகளும் வழவழப்புப் போகாத சிவப்பு ஓடுகளும் கழுவி வைத்தது போலக் கிடக்கும். எங்கள் பக்கத்து மேடு ஒன்றில் நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் பையன் வந்தான். "எல்லாம் ஒடஞ்சதுதான் சார், நல்லது ஒண்ணும் கிடைக்காது" என்றான். அனுபவசாலி.

மேடுகளை முறையாகத் தோண்டினால் என்ன வரும் என்பதற்குத் தொலைவில் போக வேண்டாம். 2015-16இல் மாநிலத் தொல்லியல் துறை நம் மாவட்டத்துப் பட்டறைப்பெரும்புதூரில் தோண்டியபோது உறைகிணறு கிடைத்தது. இராசேந்திரனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரமே இன்று சுருங்கிப்போன கிராமம்தான். அங்கே மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கானும் வந்தன.

ஊர் ஏன் சுருங்குகிறது என்றால் ஒரே காரணம் இருக்காது. இந்தச் சீமை போர்ப்பாதை. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் விழுந்தான். 1780, 81இல் ஐதர் அலியும் கும்பெனியும் புள்ளலூரிலும் சோளிங்கரிலும் மோதியபோது ஆற்காட்டுச் சீமைக் கிராமங்கள் பலவும் காலியாயின. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் வந்தது. அந்தப் பாதையில் இங்கே அமைந்த நிலையத்தின் பெயரும் திருவாலங்காடுதான். சென்னை அருங்காட்சியகத்துக்குப் போன திருவாலங்காட்டு நடராசரைப் படத்தில் பார்த்தே சிற்பி ரோடின் பாரிசில் உருகி எழுதினார். கோயிலின் பெயர் பாரிஸ் வரை போனது. பழையனூர் வருவாய்க் கணக்கோடு நின்றுவிட்டது. அந்தக் கணக்கும் இடம் மாறியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டம் தமிழகத்தோடு சேரும் வரை இதெல்லாம் சித்தூர் மாவட்டம். பழைய கல்வெட்டுத் தொகுதிகளில் தேடுகிறவர்கள் அங்கேதான் பார்க்க வேண்டும்.

போரும் ரயிலும் விட்டுவைத்ததை இப்போது ஜேசிபி எடுக்கிறது. மனைப்பிரிவுக்கு மண் நிரப்ப, கைக்கெட்டும் தூரத்தில் மேடாக இருப்பது நத்தம்தான். எல்லைக் கள்ளிவேலி போய்க் கம்பிவேலி வந்துவிட்டது. ஏட்டில் எழுதிய ஏரிகளையும் வாய்க்கால்களையும் இன்றைய புல வரைபடத்தோடு வைத்துப் பார்த்து, யானை நடந்த எல்லையை ஒருமுறை காலால் நடந்து குறித்து வைக்க இன்னும் வாய்ப்பிருக்கிறது. இங்குள்ள கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறையில் செய்யக்கூடிய வேலை அது.

நம் பக்கத்தில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உறைகிணறோ பட்டைச் செங்கல் வரிசையோ தென்பட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். செல்போனில் படம் எடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லுங்கள். காசோ செப்போ கிடைத்தால் மறைக்காதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.