ஐந்து வாரத்துக்கு அப்பால்

ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் இடையே ஓடும் தனியார் பேருந்து ஒன்றில் அவர் கண்டக்டர். 2020 மார்ச்சில் வண்டி ஷெட்டுக்குள் போனதும், கையில் மிஞ்சிய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தார். எழுதாத நாட்களே அதிகம். எழுதிய நாட்களிலிருந்து கொஞ்சம் இங்கே.

மார்ச் 22, ஞாயிறு

மக்கள் ஊரடங்கு. ஆனால் கண்டக்டர் வீட்டில் பேச்சு முழுக்க ஓர் அட்டைப்பெட்டியைப் பற்றித்தான். முந்தின நாள் ஆண்டகளூர்கேட்டில் ஏறிய பண்ணைக்காரர் இறங்கும்போது அதை அவர் கையில் திணித்துவிட்டார். உள்ளே பன்னிரண்டு காடைக் குஞ்சுகள், பொரித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. கோழி தின்றால் கொரோனா வரும் என்ற புரளி பிப்ரவரியிலேயே கிளம்பிக் கறி விலையைத் தரைக்குக் கொண்டுவந்திருந்தது. காடைக் குஞ்சை யாரும் எடுக்கவில்லை. "வளத்துங்க, இல்லாட்டி யாருக்காச்சும் குடுத்துருங்க. எனக்குத் தீவனம் கட்டுபடி ஆகலைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒவ்வொன்றும் ஏழெட்டு கிராம். மஞ்சள் உடம்பில் பழுப்புக் கோடு. "கொண்டாந்தது நீங்க, பாத்துக்கறதும் நீங்க" என்று மனைவி அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

மார்ச் 24

மாலை 6 மணியிலிருந்து 144. குஞ்சு பதினொன்று.

மார்ச் 26, வியாழன்

செத்தது தண்ணீரில். புதிதாய்ப் பிறந்த காடைக் குஞ்சு கிண்ணத்துத் தண்ணீரிலும் மூழ்கும். மூழ்காவிட்டாலும் நனைந்து விறைத்துப் போகும். பண்ணைக்காரர் போனில் பாடம் நடத்தினார். ஊறுகாய் பாட்டில் மூடியில் தண்ணீர் வைக்க வேண்டும், அதில் கூழாங்கல்லை நிரப்ப வேண்டும், அலகு மட்டும்தான் உள்ளே போக வேண்டும். அடியில் விரித்திருந்த செய்தித்தாளையும் எடுக்கச் சொன்னார். வழுக்கும் தாளில் நிற்கிற குஞ்சுக்குக் கால் இரு பக்கமும் அகண்டுவிடும், அப்புறம் தேறாது. தாள் போய்ச் சாக்கு வந்தது. தீவனம் பிராய்லர் குஞ்சுக்குப் போடுவதுதான். அதையும் மாவுச் சல்லடையில் சலித்துப் பொடியாகக் கொடுக்க வேண்டும். மனைவி சல்லடையைத் தரவில்லை. புதுச் சல்லடை வாங்கக் கடையும் இல்லை. மகள் பழைய கொசுவலையில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தாள்.

அடுத்தது சூடு. முதல் வாரம் 35 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி இறக்கிக்கொண்டே வரலாம். வீட்டில் தெர்மாமீட்டர் கிடையாது. "குஞ்சே தெர்மாமீட்டர்தானுங்க" என்றார் பண்ணைக்காரர். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது. மூலைக்கு ஓடி வாயைப் பிளந்தால் காய்கிறது. பரவிக் கிடந்தால் சரியாக இருக்கிறது. கண்டக்டருக்கு இது உடனே பிடிபட்டது. மழை நாளில் பேருந்தின் நடுவில் நெருக்கியடித்து நிற்பவர்களையும் சித்திரை வெயிலில் ஜன்னலுக்கு ஓடுபவர்களையும் பார்த்துப் பழகிய கண்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைக்கும்படி பிரதமர் கேட்டிருந்தார். தெருவே இருண்டு அகல் விளக்குகள் வந்தன. கண்டக்டர் வீட்டுத் தாழ்வாரத்தில் மட்டும் குண்டு பல்பு எரிந்தது.

"யாருங்க அது, லைட்ட நிறுத்தாம?" எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து குரல்.

"காடைக் குஞ்சுங்க."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "எத்தன இருக்குது?"

ஏப்ரல் 11

மூன்று வாரத்தில் ஆண், பெண் தெரிந்துவிடும். ஆணுக்கு நெஞ்சு புள்ளியில்லாத செம்பழுப்பு. பெண்ணுக்கு வெளிர் நெஞ்சில் கரும்புள்ளிகள். ஆண் ஐந்து, பெண் ஆறு. மகள் பெயர் வைக்கப் பார்த்தாள். கண்டக்டர் தடுத்துவிட்டார், ஏன் என்று எழுதவில்லை.

ஏப்ரல் 25, சனி

ஐந்து வாரம். மளிகைக் கடைத் தராசில் ஒன்றை நிறுத்துப் பார்த்தார். 190 கிராம். கடைக்காரர் "ரெடியாயிருச்சுங்க" என்றார்.

எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பண்ணைக்காரரிடம் இனி என்ன தீவனம் என்று கேட்டால், "இனி எதுக்குங்க தீவனம்?" என்கிறார். இந்தியாவுக்கு ஜப்பானியக் காடை வந்தது 1974இல், கலிபோர்னியாவிலிருந்து, உத்தரப் பிரதேசத்து இசட்நகருக்கு. பக்கத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியே 'நாமக்கல் காடை' என்று ஓர் இனத்தை உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. குஞ்சுக்கு எவ்வளவு இடம், எவ்வளவு புரதம், எத்தனை கிராமில் விற்கலாம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் டீக்கடையில் கேட்டாலும் பதில் கிடைக்கும். ஆனால் அந்த அறிவெல்லாம் ஐந்தாவது வாரத்தில் நின்றுவிடுகிறது. ஆறாவது வாரத்துக் காடையை வைத்திருப்பவர் முட்டைக்காரர், இல்லையென்றால் பைத்தியக்காரர்.

தெருக்கோடி அம்மாவுக்கு மட்டும் இதில் குழப்பமில்லை. அவர் பிறந்தது கொங்கு வேளாளர் குலங்களில் ஒன்றான காடை கூட்டம். "நாங்க அதத் தொடறதில்ல சாமி. நீ நல்லா வெச்சுக்க" என்று ஒரு கைப்பிடி கம்பு கொடுத்துவிட்டுப் போனார்.

மே 2

விடியும் முன்பே ஆண்கள் கத்த ஆரம்பித்துவிட்டன. சேவலைப் போல நீட்டிக் கூவுவதில்லை. இரண்டு வெட்டு, கடைசியில் ஓர் இழுப்பு. எதிர்வீட்டுக்காரர் காலையில் முகம் கொடுக்கவில்லை. இந்தச் சத்தத்துக்காகவே ஜப்பானில் பல நூற்றாண்டுகள் காடை வளர்த்திருக்கிறார்கள் என்று மகள் செல்போனில் படித்துச் சொன்னாள். எடோ காலத்தில் கூண்டுகளை வரிசையாக வைத்துக் குரல் போட்டி நடத்தினார்களாம். முட்டைக்கும் கறிக்கும் வளர்ப்பது 20ஆம் நூற்றாண்டில் வந்த பழக்கம். இரண்டாம் உலகப் போரில் அந்தப் பாட்டுக் காடைகளின் வம்சமே அழிந்துபோயிற்று. எதிர்வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை என்று கண்டக்டர் முடிவு செய்தார். கூண்டுக்கு இரவில் கறுப்புத் துணி போட்டார். சத்தம் ஓரளவு குறைந்தது.

மே 7, வியாழன்

டாஸ்மாக் திறந்த நாள். ஊரில் பாதி வரிசையில் நின்றது. மாலை 5 மணிக்குக் கூண்டு மூலையில் முதல் முட்டை. பத்து கிராம் இருக்கும், சாம்பல் வெள்ளையில் கரும்பழுப்புத் திட்டுகள். காலையில் தேடிப் பயனில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கோழி காலையில் இடும், காடை பெரும்பாலும் பிற்பகலில்தான். அன்றிரவு மனைவி சல்லடையைக் கொண்டுவந்து தீவன டப்பாவின் மேல் வைத்துவிட்டுப் போனார். பேச்சு எதுவும் இல்லை.

மே 12

கோடை மழை. ஒரே ஓர் இடி. பெண் காடை ஒன்று நேர்மேலே எம்பியது. காடை மிரண்டால் ஓடாது, செங்குத்தாகப் பாயும். கூண்டின் கூரை கம்பி வலை. காலையில் கழுத்து மடிந்து கிடந்தது. கூரையைப் பாயும் வேகமே வராத அளவுக்கு ஓர் அடிக்குள் தாழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஆள் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். ஆபத்து இடைப்பட்ட உயரத்தில்தான் என்று எங்கோ படித்து, பழைய சேலையை மடித்துக் கூரைக்கு அடியில் இழுத்துக் கட்டினார். மகள் இரண்டு நாள் பேசவில்லை.

மே 19

முட்டை தினமும் வருகிறது. ஒவ்வொரு பெண்ணுக்கும் திட்டு ஒரு மாதிரி. எது யாருடையது என்று மகள் பிழையில்லாமல் சொல்கிறாள்.

ஆனால் ஒன்றும் அடை உட்காருவதில்லை. நின்ற இடத்தில் இட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடக்கின்றன. "என்ன தாய் இவளுக!" என்று மனைவிக்கு ஒரே கோபம். தலைமுறை தலைமுறையாக இன்குபேட்டரிலேயே பொரித்துப் பொரித்து, அடைகாக்கும் பழக்கமே பண்ணைக் காடையிடம் போய்விட்டது. 17, 18 நாள் சூடு கொடுக்கிற பெட்டிதான் தாய். அந்தப் பெட்டி விண்வெளிக்கும் போயிருக்கிறது. மீர் விண்வெளி நிலையத்தில் 1990 மார்ச் 22 அன்று பொரித்த காடைக் குஞ்சுதான் பூமிக்கு வெளியே பிறந்த முதல் பறவை. எடையில்லாத இடத்தில் கால் ஊன்ற முடியாமல் அந்தக் குஞ்சுகள் தாமாகத் தீனி எடுக்கத் திண்டாடின. இதைப் படித்த கண்டக்டர் சாக்கு விரித்த நாளை நினைத்திருக்கலாம். எழுதியிருப்பது, "மார்ச் 22. நம்ம ஊரடங்கு நாள்" என்பது மட்டும்.

மே 30

ஐந்து பெண்ணுக்கு ஐந்து ஆண். இது நடக்காது. ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது வேண்டும். இல்லாவிட்டால் ஆண்கள் உச்சந்தலையைக் கொத்திக் கொத்தி முடியில்லாமல் செய்துவிடும். ஒன்றுக்கு ரத்தமே வந்துவிட்டது.

ஆண்கள் மூன்று குறைந்தன. மச்சான் வீட்டில் சாப்பாடு. கண்டக்டருக்கு அன்றைக்குப் பல்வலி, மோர் மட்டும் குடித்ததாகக் குறிப்பு. முன்பும் பின்பும் பல்வலி பற்றி ஒரு வரி கிடையாது.

ஜூன் 3

பெரும்பாலான மாவட்டங்களில் பேருந்து ஓடலாம் என்று அறிவித்துவிட்டார்கள். சீட்டை நிரப்பாமல் ஓட்டினால் டீசல் காசுகூடத் தேறாது என்று முதலாளி வண்டியை எடுக்கவில்லை. சம்பளம் இல்லை. வளர்ந்த காடைக்கு நாளுக்கு 25, 30 கிராம் தீவனம். ஏழுக்கு மாதம் ஆறு கிலோ. மூட்டையாக வாங்கினால் மலிவு. மூட்டை வாங்கப் பணமில்லை.

ஜூன் 18

மணல் சட்டி வைத்தார். ஏழும் ஒரே நேரத்தில் விழுந்து புரண்டன. அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்.

ஜூலை 1

மறுபடியும் பேருந்துகள் நின்றன.

ஜூலை 26, ஞாயிறு

வெண்ணந்தூர் ரோட்டில் ஒருவர் சைக்கிள் கேரியரில் வலைப்பை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். "காட்டுக் காடைங்க, பண்ணையில்ல, ருசியே வேற." பண்ணைக் காடையைவிடச் சின்னவை. ஒன்றன் நெஞ்சில் கறுப்புத் திட்டு, அது மழைக்காடையின் ஆண். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் குற்றம், விற்பதும் குற்றம். கண்டக்டர் சட்டம் பேசவில்லை. வனத்துறைக்கு போன் போட்டாரா என்பதும் தெரியவில்லை. டிரிப் ஷீட்டில் இருப்பது இவ்வளவுதான்: "பை அசைந்துகொண்டே இருந்தது. அந்த ஆளும் மாஸ்க் போடாத, வேலை இல்லாத ஆள்தான். இருபது ரூபாய் கொடுத்து டீ குடிக்கச் சொன்னேன். வேறு என்ன செய்ய."

ஆகஸ்ட் 23

பண்ணைக்காரர் வந்தார். கறி விலை ஏறிவிட்டது, திரும்பவும் குஞ்சு விடப்போகிறார். அந்த ஐந்து பெண்களையும் முட்டைக்குக் கேட்டார், நல்ல விலைக்கே. தினமும் 16 மணி நேரம் வெளிச்சம் காட்டினால் ஒன்று வருஷத்துக்கு 250 முட்டைக்குமேல் இடுமாம். கண்டக்டர் வீட்டில் இப்போது மாலைக்கு மேல் கூண்டுக்கு விளக்குப் போடுவதில்லை. "யோசிச்சுச் சொல்றங்க" என்று அனுப்பிவிட்டார். மனைவி உள்ளிருந்து, "என்னத்த யோசிக்கிறது?" என்றார். கொடுக்கச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா என்று கண்டக்டருக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

செப்டம்பர் 6, ஞாயிறு

நாளையிலிருந்து மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்து ஓடலாம். வண்டி எப்போது கிளம்பும் என்று முதலாளி இன்னும் சொல்லவில்லை. கிளம்பினால் காலை 4 மணிக்குப் போகிறவர் இரவு 10 மணிக்குத்தான் வீடு திரும்புவார். தண்ணீர் மாற்றுவது யார், மணல் சட்டியை எடுத்து வைப்பது யார் என்று முடிவாகவில்லை. பண்ணைக்காரருக்கும் பதில் போகவில்லை. கீழே கிளிஞ்சல் தூள், தவிடு, உமி என்று ஒரு பட்டியல். பக்கம் அங்கே முடிகிறது.

வீட்டுக் காடை இரண்டு மூன்று வருஷம் இருக்கும். முதல் வருஷத்தைத் தாண்டிய காடைக்கு என்ன தீவனம் எவ்வளவு போடுவது, முட்டை நின்றபின் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள் வாசகர்களில் இருந்தால் எழுதுங்கள். கண்டக்டரிடம் சேர்த்துவிடுகிறோம்.