பக்கத்தில் ஓடுவோம்!

"தானம் செய், புண்ணியம் வரும்" என்றனர் பழைமையாளர். இங்கே ஒரு படி அரிசி, மேலுலகில் ஓராயிரம் படி இன்பம்! இது அறமா, வாணிபமா? கொடுத்தவன் ஏட்டில் புண்ணியம் ஏறுகிறது. பெற்றவன் ஏட்டில் ஏறுவது என்ன? குனிந்த தலை, கூப்பிய கை! மாடத்திலிருந்து காசு வீசுபவன் மாடத்திலேயே இருக்கிறான். பொறுக்குபவன் புழுதியிலேயே நிற்கிறான்.

அப்படியாயின் ஈகையே வேண்டாமா? வேண்டும் தோழர்களே, வேண்டும்! மேலிருந்து வீழும் ஈகை வேண்டாம். பக்கத்தில் வரும் ஈகை வேண்டும். இந்தப் பாடத்தை நமக்குப் புகட்டியவள் ஒன்பது வயதுச் சிறுமி.

புற்றுநோய்க்கு ஆளான குழந்தைகளுக்கு நிதி திரட்ட மதுரையில் ஓர் ஓட்டம். தூரம் ஐந்து கிலோமீட்டர். நாமும் நம் அண்ணன் மகளும் பெயர் கொடுத்தோம். உடனே எழுந்தது உறவினர் குரல்: "பெண் பிள்ளையை நடுத்தெருவில் ஓட விடுவதா?" தெருவில் தேர் ஓடலாம், காளை ஓடலாம், பெண் ஓடினால் மட்டும் குலப்பெருமை குலைந்துவிடுமாம்!

அவர்களுக்கு நாம் ரேவதி வீரமணியின் கதையைச் சொன்னோம். மதுரைக்கு அருகே சக்கிமங்கலத்துப் பெண். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். கூலி வேலை செய்து பேத்திகளை வளர்த்தார் பாட்டி. "வேலைக்கு அனுப்பு" என்றனர் ஊரார். அவரோ பள்ளிக்கு அனுப்பினார். காலணி வாங்க வழியின்றி வெறுங்காலுடன் ஓடிய அந்தப் பெண், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4 x 400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். எந்தக் கிரகத்தின் பார்வை அவரை அங்கே சேர்த்தது? பாட்டியின் உறுதி, பயிற்சியாளர் கண்ணனின் உழைப்பு, அவருடைய கால்களின் வலிமை! கேட்ட உறவினர் வாய் அடைத்தது. மனம் மாறிற்றா என்பதைக் காலம் சொல்லும்.

ஞாயிறு காலை, தமுக்கத்தை அடுத்த சாலையில் ஓடினோம். முதல் கிலோமீட்டரில் மானெனப் பாய்ந்த சிறுமி, இரண்டாவதில் இளைத்தாள். கையைப் பற்றி இழுத்தால் விழுவாள். தூக்கிக்கொண்டால் தூரம் கடக்கும். ஆனால் ஓடியவள் அவளல்லள்! எஞ்சிய வழி ஒன்றே. நம் வேகத்தைக் குறைத்து, அவளுக்குப் பக்கத்தில் ஓடினோம். மூச்சு வாங்கியபடியே கேட்டாள்: "சித்தப்பா, நாம் ஓடினால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு மருந்தா? ஓடாவிட்டால் கிடைக்காதா?"

கேள்வியா அது? சாட்டை!

"கிடைக்க வேண்டும், கண்ணு. அது அவர்களின் உரிமை" என்றோம். 2009இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், வறியோரின் பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கு அரசே பொறுப்பேற்கும் வழியைத் திறந்தது. ஆயினும், மருத்துவமனைக்கு வந்து போகும் பேருந்துக் கட்டணம், மாதக்கணக்கில் உடனிருக்கும் தாய் இழக்கும் கூலி, பிள்ளை இழக்கும் பள்ளி நாட்கள் — இவற்றை யார் ஈடு செய்வது? உரிமை எட்டாத இடத்தில் தோழமை கை கொடுக்கட்டும். தோழமை இருக்கிறதென்று உரிமைக் குரல் உறங்கிவிட வேண்டாம்.

இத்தகைய ஓட்டங்களுக்கு வழிகாட்டிய ஓர் இளைஞனை நினைவூட்டுவோம். கனடா நாட்டு டெரி ஃபாக்ஸ், எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலக்காலை இழந்தவன். 1980இல் செயற்கைக் காலுடன் 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர் ஓடினான். அவன் கேட்டது புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம்! வழியில், அதே நோய்க்குக் காலைப் பறிகொடுத்த பத்து வயதுச் சிறுவன் மிதிவண்டியில் அவனைத் தொடர்ந்து வந்தான். தன் பயணத்திலேயே தனக்கு மிகுந்த ஊக்கமளித்த நேரம் அதுவென்றான் டெரி. கொடுத்தவன் எவன், பெற்றவன் எவன்? பக்கத்தில் ஓடும் இடத்தில் அந்தப் பேதம் மறைந்துவிடுகிறது! நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981இல், 22 வயதில் மறைந்தான். அவன் பெயரால் அவ்வாண்டு தொடங்கிய ஓட்டம் சென்னையிலும் நடந்திருக்கிறது. அதில் போட்டியில்லை, வென்றவர், தோற்றவர் என்ற கணக்கும் இல்லை.

இளைஞர்களே! உங்கள் ஊரில் இத்தகைய ஓட்டம் நடக்குமானால், வீட்டுச் சிறுமியை அழைத்துச் செல்லுங்கள். திரண்ட பணம் எவ்வளவு, சென்ற இடம் எது என்று கேளுங்கள்; கணக்குக் கேட்பதால் அறம் களங்கப்படாது. அவள் கேள்வி கேட்டால், "விதி" என்று வாயடைக்காதீர்கள், விடை சொல்லுங்கள். வல்லவன் வேகத்தைக் குறைத்து எளியவன் பக்கத்தில் ஓடும் நாளில், பிச்சை எனும் சொல்லுக்கே நம் நாட்டில் வேலையிராது!