அக்காளின் இடுப்புப் பட்டை

வழக்கமாகப் பள்ளிச் செய்திகளையே எழுதிவரும் நான் இம்முறை என் வீட்டுச் செய்தி ஒன்றை எழுதுகிறேன். எழுதலாமா என்று அக்காளிடம் முன்னதாகவே கேட்டுவிட்டேன். "பேரை மட்டும் போடாதே தம்பி, மத்ததை எழுது" என்றார்.

அக்காள், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலிருந்த ஒரு தோட்டத்தில் பதினாறு வயதில் மரம் சீவப் போனவர். (அவ்வூருக்கு 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். எங்கள் வாய்க்கு இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) இருட்டோடு பெரட்டு; நெற்றியில் விளக்கு; மரத்துக்கு மரம் நடை; பிறகு பால் வாளிகளைக் காண்டா கம்பில் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு நடை. இருபது ஆண்டுகள் அப்படிப் போயின. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அக்காள் குடும்பம் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தாமானில் மலிவுவிலை வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. வேலை நின்றது, சோற்றின் அளவு மட்டும் நிற்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் இனிப்புநீர் கண்டது.

அரசாங்கக் கிளினிக்கில் தாதி ஒருவர், நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். அக்காளும் அண்டை வீட்டுப் பெண்கள் இருவரும் மாலைதோறும் தாமான் திடலைச் சுற்றி நடந்தார்கள். மழை நாள் தவிர மற்ற நாளெல்லாம் தவறாத நடை அது.

சென்ற ஆண்டு, வீடு வீடாக வந்த விற்பனையாளர் இருவர் அக்காள் வீட்டு வாசலிலும் நின்றனர். அவர்களுள் ஒருவர் தமிழ்ப் பிள்ளை. "அம்மா, அம்மா" என்று வாய் நிறைய அழைத்து, ஒரு பட்டையை அக்காளின் வயிற்றில் கட்டி, மின்சாரத்தை இணைத்தார். பட்டை அதிர்ந்தது, சூடேறியது. "இனி நடக்கவே வேணாம்மா. நாடகம் பார்த்துக்கிட்டே கட்டிக்குங்க. தொப்பை மட்டும் கரைஞ்சிரும்." விலை 1,440 வெள்ளி. மாதம் 120 வெள்ளியாகப் பன்னிரண்டு தவணை.

அக்காள் உடனே கையொப்பமிட்டுவிடவில்லை. விளம்பர அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, அன்று மாலை என்னிடம் வந்தார். "தம்பி, இது நல்லதுதானா? படிச்சிச் சொல்லு" என்றார். அட்டை மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நானோ ஆறாம் ஆண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மெலிந்த இடையுடைய ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகியிராது. "நல்லதாகத்தான் தெரிகிறது அக்கா" என்றேன்.

மறுநாள் அவர் கையொப்பமிட்டார். அடுத்த வாரம் நடையை நிறுத்தினார்.

ஆறு மாதம் கழித்துக் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைச் சோதனையில், முன்பு 7.1 விழுக்காடாக இருந்தது 9.3க்கு ஏறியிருந்தது. இடுப்புச் சுற்றளவோ ஓர் அங்குலமும் குறையவில்லை. "நடக்கிறீர்களா?" என்று தாதி கேட்டதற்கு, "பெல்ட்டு கட்டுறேன்" என்று அக்காள் சொல்லியிருக்கிறார். இதை அவர் என்னிடம் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அதன் பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். வயிற்றுக் கொழுப்பு வயிற்றிலேயே கரைவதில்லை. உடலுக்கு ஆற்றல் தேவைப்படும்போது கொழுப்பு சிதைந்து இரத்தத்தில் கலக்கிறது. உழைக்கும் தசை இரத்தத்திலிருந்து அதை எடுத்துக்கொள்கிறது. மேலே படிந்திருக்கும் கொழுப்பை அடியிலுள்ள தசை நேராக உறிஞ்சுவதில்லை. எங்கள் லயத்துக் கிணற்றில் யார் எந்தப் பக்கம் நின்று இறைத்தாலும் கிணறு முழுவதும்தான் தாழும். இறைத்தவர் பக்கம் மட்டும் பள்ளமாவதில்லை. எங்கிருந்து முதலில் குறைய வேண்டும் என்பதைப் பரம்பரையும் சுரப்பிகளும் முடிவு செய்கின்றன. 1971இல் டென்னிசு ஆட்டக்காரர்களின் இரு கைகளையும் அளந்து பார்த்தார்கள். மட்டை பிடிக்கும் கை பருத்திருந்தது. ஆனால் தோலடிக் கொழுப்பு இரு கைகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2011இல் 24 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. அண்மையில் ஓரிரு சிறிய ஆய்வுகள் சற்று மாறுபட்டுச் சொல்வதும் உண்டு. அவற்றிலும் மூச்சிரைக்க உழைத்தவர்களே பேசப்படுகிறார்கள். நாற்காலியில் அமர்ந்து அதிர்ந்தவர்கள் அல்லர்.

வியர்த்தால் கொழுப்பு கரைந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வியர்வையாய்ப் போன நீர், ஒரு குவளை தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும். 2014இல் ஆஸ்திரேலிய அறிவியலாளர் இருவர் கணக்கிட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சின் வழியே வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோதான் நீராகிறது. அக்காளின் கொழுப்பு போக வேண்டிய வழி மூக்கு! அந்த வழியைத் திறந்து வைத்திருந்தது மாலை நடைதான். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அதில் இன்னொரு பயனும் உண்டு. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் குறைவாக வேலை செய்யும் உடலிலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

இத்தகைய விளம்பரம் புதியதன்று. 2002 மே மாதத்தில் அமெரிக்காவின் கூட்டரசு வாணிப ஆணையம், ஏபி எனர்ஜைசர், ஏப்ட்ரானிக், ஃபாஸ்ட் ஆப்ஸ் ஆகிய மூன்று மின்துடிப்புப் பட்டைகளின் விற்பனையாளர்கள் மீது வழக்குத் தொடுத்தது. அவை மின்துடிப்பால் தசையைச் சுருக்குபவை. அக்காளுடையது அதிர்ந்து சூடேறுவது. கருவி வேறாயினும் பேச்சு ஒன்றுதான்.

என்னை நாணச் செய்தது அதற்கு அடுத்த வழக்கு. டெலிபிராண்ட்ஸ் என்ற நிறுவனம் ஏப் ஃபோர்ஸ் என்ற பட்டையை மலிவு விலையில் விற்றது. அதன் விளம்பரம் கொழுப்பு குறையும் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்த அந்தப் பட்டைகளைப் போன்றதே இதுவும் என்று நினைவூட்டியது; கட்டான வயிறுடையவர்களைக் காட்டியது. மிச்சத்தைப் பார்ப்பவரே முடித்துக்கொண்டார். 700,000க்கும் மேற்பட்ட பட்டைகள் விற்றன. சொல்லாமல் உணர்த்துவதும் ஏமாற்றே என்று 2005இல் ஆணையம் தீர்ப்பளித்தது. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2009இல் அந்நிறுவனம் 70 இலட்சம் டாலர் கொடுக்க இணங்கியது.

இதைப் படித்ததும், அக்காள் வீட்டு அட்டையை வாங்கி, பெயரை மறைத்துப் படியெடுத்து, ஆறாம் ஆண்டு வகுப்புக்குக் கொண்டுபோனேன். மாணவர்களுக்காகத் தமிழாக்கத்தையும் கரும்பலகையில் எழுதினேன். 'இக்கருவி கொழுப்பைக் குறைக்கும் என்று கூறும் வாக்கியத்தின் கீழ்க் கோடிடுக' என்பது கேள்வி. ஐந்து நிமிடம் கழிந்தும் ஒருவரும் கோடிடவில்லை. ஒரு மாணவி தயங்கித் தயங்கி, "ஐயா, அப்படி ஒரு வாக்கியமே இல்லையே" என்றாள். இருந்தவை 'இடுப்புக்குப் புத்துணர்ச்சி', 'கச்சிதமான உருவத்தை விரும்புவோர்க்கு' ஆகியவை. அடியில் எறும்பளவு எழுத்தில் 'முறையான உணவும் உடற்பயிற்சியும் சேரும்போது' என்று ஒரு வரி. கடைசி வரிசைப் பையன் ஒருவன், "அப்போ உடற்பயிற்சியே போதுமே ஐயா, பட்டை எதுக்கு?" என்றான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கருத்துணர்தல் கற்பிக்கும் நான், அக்காள் கேட்ட அன்று இதைச் செய்யவில்லை.

பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று. வீடு தேடி வந்து விற்கும் பொருளுக்கு, நம் நாட்டின் 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை இரத்துச் செய்யப் பத்து வேலை நாள் அவகாசம் உண்டு. அது கடந்துவிட்டாலும் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 5 வெள்ளிக் கட்டணம், வழக்கறிஞர் வேண்டியதில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். நான் பாரங்களை எடுத்துக்கொண்டு போனபோது அக்காள் தொடவே இல்லை. "வேணாம் தம்பி. தோட்டத்துக்காரி ஏமாந்துட்டான்னு நாலு பேரு முன்னால சொல்லணுமா?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமோ என்று இன்றும் தோன்றுகிறது. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டு இந்தியப் பெரியவர்களுள் 63.9 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். இத்தகைய விற்பனையாளர் தட்டக்கூடிய கதவுகள் நம் தாமான்களில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இப்போது கதவைத் தட்டவும் வேண்டியதில்லை, கைப்பேசியிலேயே வந்துவிடுகிறார்கள்.

அக்காள் மறுபடி நடக்கிறார். சனிக்கிழமை மாலைகளில் நானும் உடன் செல்கிறேன். புக்கிட் மெலாவத்தி மேட்டில் ஏறும்போது முதலில் மூச்சு வாங்குவது எனக்குத்தான். குரங்குகளுக்குக் கச்சான் விற்கும் இடத்தில் அவர் எனக்காக நிற்பார். கடைசியாக எடுத்த இரத்தச் சோதனையில் 8.0.

பன்னிரண்டாம் தவணையைச் சென்ற மாதம் அவரே போய்க் கட்டினார். திரும்பி வந்து, இரசீதை என் மேசைமேல் வைத்தார்.

"இதையும் படிச்சிப் பாரு தம்பி. இந்தத் தடவை ஒழுங்கா."