நாற்பது கால் பூச்சி

கம்ப்யூட்டர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? திரை, கீபோர்டு, ஏ.சி. போட்ட லேப், வாசலில் கழற்றி விட்ட செருப்பு! எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஐந்தாம் செமஸ்டரில் மைக்ரோகன்ட்ரோலர் பாடம் வரும் வரை.

8051. இன்டெல் நிறுவனம் 1980-ல் கொண்டு வந்த சிப். பூச்சி மாதிரி 40 கால்கள். நினைவகம் எவ்வளவு தெரியுமா நண்பர்களே? புரோகிராமுக்கு 4 கிலோபைட், கணக்குப் போட வெறும் 128 பைட். இந்தக் கட்டுரையின் இரண்டு வரி கூட அதில் அடங்காது! வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் அடுப்பு, டி.வி. ரிமோட் எல்லாவற்றிலும் உட்கார்ந்திருப்பது இந்த ஜாதிதான். ஒரே வேலை, அதையே ஆயுள் முழுக்க.

படித்த பிறகு கை சும்மா இருக்குமா? வீட்டு மாடித் தொட்டிக்கு ஒரு கன்ட்ரோலர் செய்தேன். தொட்டிக்குள் இரண்டு செம்புக் கம்பிகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ்க் கம்பி காய்ந்தால் ரிலே மோட்டாரைப் போடும். மேல் கம்பி நனைந்தால் நிறுத்தும். அரைப் பக்க புரோகிராம். அம்மாவுக்கு ஒரே பெருமை. "இனிமே சுவிட்சப் போட மறந்துட்டேன், அணைக்க மறந்துட்டேன்னு கவலையில்லடா."

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் ராத்திரி எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். தொட்டி நிரம்பியும் மோட்டார் நிற்கவில்லை. மாடியெல்லாம் வழிந்து, போர் வற்றி, சூட்டைத் தணிக்கத் தண்ணீர் இல்லாமல் உள்ளே இருந்த மோட்டார் காயில் கருகிவிட்டது. அப்பா திட்டவில்லை. "ரீவைண்டிங் பண்ண எவ்வளவுடா ஆகும்?" என்று மட்டும் கேட்டார். அதைத்தான் தாங்க முடியல.

மேல் கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். பச்சையாகப் படிந்து அரித்துப் போயிருந்தது. தண்ணீருக்குள் எந்நேரமும் டி.சி. கொடுத்தால் மின்பகுப்பு நடக்கும். முதலாண்டு கெமிஸ்ட்ரி! பரீட்சையில் எழுதி மார்க் வேறு வாங்கியிருக்கிறேன். சிப்புக்குத் தண்ணீர் தெரியுமா என்ன? ஒரு காலில் ஒன்றா, பூஜ்யமா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கம்பி பொய் சொன்னது, அது நம்பியது. கம்பி பொய் சொன்னால் என்ன செய்வது என்று நான் சொல்லித் தரவே இல்லையே!

மறுபடி செய்தேன். செம்புக்குப் பதில் எவர்சில்வர் கம்பி. சில விநாடிக்கு ஒருமுறை, கண் சிமிட்டும் நேரம் மட்டும் மின்சாரம். தொட்டி நிரம்ப எங்கள் வீட்டில் 25 நிமிஷம் ஆகும். ஆகவே 40 நிமிஷம் தாண்டினால் கம்பி என்ன சொன்னாலும் மோட்டாரை நிறுத்து. புரோகிராமே எங்காவது சிக்கிக்கொண்டால் ரீசெட் செய்ய ஒரு வாட்ச்டாக் டைமர். (1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டரும் இப்படித்தான் அடிக்கடி ரீசெட் ஆனது. காரணத்தைக் கண்டுபிடித்துப் பூமியிலிருந்தே திருத்தினார்கள். நமக்கு மாடிப்படிதான்!) அரைப் பக்கம் மூன்று பக்கமாகிவிட்டது. அதில் முக்கால்வாசி, தப்பு நடந்தால் என்ன செய்வது என்பதுதான்.

போன மாதம் ஒருநாள் மோட்டார் 40 நிமிஷத்தில் தானாக நின்று சிவப்பு விளக்கு எரிந்தது. "மறுபடியும் கம்பியாடா?" என்றார் அப்பா. மாடிக்கு ஓடினேன். கம்பி பளபளவென்று இருந்தது, தொட்டி பாதிதான் நிரம்பியிருந்தது. பின்பக்கம் பைப் ஜாயின்ட் விட்டு, வாழை மரத்தடியில் தண்ணீர் குளமாக நின்றது.