குழி நண்டு நமக்கு எதிரியா?



நம்ம பிள்ளைகள் போனில் விளையாடும் கேம்களில் ஒரு எதிரி அடிக்கடி வருகிறது. கடற்கரை மணலுக்குள் ஒளிந்திருக்கும். ஆள் கிட்டப் போனதும் மேலே பாயும். அடித்தால் புள்ளி. 1996இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமானிலேயே கரையில் குழி தோண்டி வாழும் 'கிராபி' என்ற நண்டு இருந்தது. ரசிகர்கள் சொந்தமாகச் செய்து விடும் கேம்களிலும் இந்த மாதிரி நண்டுகளைக் காணலாம்.

கேமில் அடிக்கட்டும், அது பரவாயில்லை. ஆனால் பின்னேரம் கரைக்குப் போனால் அதே விளையாட்டு உயிருள்ள நண்டோடு நடக்கிறது. குழிக்குள் கம்பை விடுகிறார்கள். வெளியே வந்ததைக் கல்லால் எறிகிறார்கள். ஏன் என்று நாங்கள் கேட்டால், "சேர், அது விஷம்" என்கிறார்கள்.

விஷம் இல்லை. பிடித்தால் கிள்ளும், அவ்வளவுதான். மண் நிறத்தில், கண் இரண்டும் தண்டு மேல் நிற்க, ஒரு கை பெரிதும் மறு கை சிறிதுமாக ஓடுகிறதே, அதுதான். இரவில் தோன்றி நொடியில் மறைவதால் ஆங்கிலத்தில் 'பேய் நண்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூன்றடி ஆழம் வரை குழி தோண்டும். மீனைப் போலச் செவுளால் மூச்சு விடுவதால் அந்தச் செவுள் காயக் கூடாது. அதனால் ஈர மண்ணிலிருந்து கால் அடியில் உள்ள மயிர்களால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பகல் வெயிலில் குழியை உடைத்து அதை வெளியே நிற்க வைப்பது, மீனைத் தரையில் போடுவது போலத்தான்.

கரைவலை இழுத்த இடத்தில் கிடக்கும் செத்த மீன், அழுகல் எல்லாவற்றையும் இரவோடு இரவாகத் தின்று துப்புரவு செய்வதும் இதுதான். சம்பளம் கேட்காத தொழிலாளி.

அவுஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் இந்தக் குழிகளை எண்ணிப் பார்த்தார்கள். வாகனம் ஓடும் கரையில் குழிகள் குறைவாக இருந்தன. நண்டு வெளியே வரும் இரவு நேரத்தில் சக்கரத்தில் நசுங்குகிறது. நம்ம கரையிலும் இரவில் மோட்டார் சைக்கிளும் ஜீப்பும் ஓடுகின்றன. இது பிள்ளைகளின் வேலை இல்லை, பெரியவர்களின் வேலை.

உயிருள்ள ஒன்றைக் குறியாக வைத்து எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இதை மதரசாவிலும் சொல்லிக்கொடுக்கிறோம், பாடசாலையிலும் சொல்லிக்கொடுக்கிறோம். கரையில் யார் சொல்வது? கூடப் போகும் வாப்பாவும் உம்மாவும்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளோடு கரைக்குப் போங்கள். கம்பு வேண்டாம். நூறு எட்டு நடந்து, எத்தனை குழி இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் திரும்ப எண்ணுங்கள். வழியில் கிடக்கும் பொலித்தீனையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வாருங்கள். எண்ணிக்கையைக் கீழே கொமென்டில் போடுங்கள், வகுப்பில் நாங்கள் அதைப் படமாக வரைந்து வைக்கிறோம்.