பழைய இரும்புக்குப் போன டிஷ்

 

நேற்று காலை பழைய இரும்புக்காரர் வந்து, மொட்டை மாடியில் துருப்பிடித்துக் கிடந்த எட்டடி டிஷ்ஷைக் கழற்றி எடுத்துப் போனார். "இது எதுக்கு சார் இத்தனை வருஷம் வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். அவருக்குச் சொல்லாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1988-ல் கோவில்பட்டியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன். பெயர் வேண்டாம். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் பதினொரு மார்க். அவன் அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். வரவழைத்தேன். பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே, "அண்ணாச்சி, இவனுக்குப் படிப்பு ஏறாது. காசை வீணாக்காமல் ஏதாவது கடையில் விடுங்க" என்றேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். மறு வாரம் பையன் வரவில்லை. ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். நல்ல யோசனை சொன்னோம் என்றுதான் அன்று நினைத்தேன்.

1992-ல் ஒரு ராத்திரி வீட்டு வாசலில் வந்து நின்றான். மீசை முளைத்திருந்தது. "சார், ஒரு கணக்கு போட்டுத் தரணும்" என்றான். கேபிள் டிவி தொடங்கப்போகிறானாம். கடன் வாங்கிப் பன்னிரண்டு அடி டிஷ் வாங்கிவிட்டான். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

அப்போது ஏசியாசாட்-1 என்ற செயற்கைக்கோள் வழியாக ஸ்டார் டிவி வந்துகொண்டிருந்தது. பிபிசி, எம்டிவி, பிரைம் ஸ்போர்ட்ஸ் எல்லாம் அதில்தான். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 105.5 டிகிரியில் அது நின்றது. பூமி சுற்றும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பதாகக் கணக்கு. கோவில்பட்டியோ 9 டிகிரி அட்சரேகை, 78 டிகிரி தீர்க்கரேகைக்கு ஒட்டி. கிளார்க்ஸ் டேபிளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நேர் கிழக்கிலிருந்து 17 டிகிரி தெற்கே திருப்பி, அடிவானத்திலிருந்து 56 டிகிரி தூக்க வேண்டும் என்று வந்தது. ஒவ்வொரு படியிலும், "இது ஏன் சார்? இங்க ஏன் டான்? அங்க ஏன் சைன்?" என்று கேட்டான். மூன்று வருடம் என் வகுப்பில் இருந்தவன் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அல்லது நான் திறக்க விட்டதில்லை.

மறுநாள் அவன் கடை மாடிக்குப் போனோம். திசைகாட்டி, பாகைமானி, கொத்தனாரிடம் வாங்கிய தூக்குக்குண்டு. அவ்வளவு பெரிய டிஷ்ஷுக்கு ஒரு டிகிரி தவறினாலே படம் போய்விடும். சின்ன கறுப்பு வெள்ளை டிவியில் வெறும் புள்ளி மழை. வெயிலில் இரண்டு மணி நேரம் இம்மி இம்மியாக நகர்த்தினான். திடீரென்று கோட் போட்ட ஒரு வெள்ளைக்காரர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை, அதை அப்புறம்தான் பிடித்தான். அவன் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தான். "சரியா வந்திருச்சா சார்?" என்றான்.

1999-ல் ஏசியாசாட்-1-ஐ இடம் மாற்றப்போகிறார்கள், ஏசியாசாட்-3எஸ் வருகிறது என்று பேப்பரில் படித்தேன். பழைய டேபிளைத் தேடி எடுத்துக்கொண்டு அவன் கடைக்கு ஓடினேன், புதுக் கோணம் கணக்குப் போட. அவன் சிரித்துக்கொண்டே நாற்காலி எடுத்துப் போட்டான். "டிஷ்ஷை அசைக்கவே வேண்டாம் சார். பழசு நின்ன அதே 105.5-லதான் புதுசு நிக்கும். பழசுதான் 122 டிகிரிக்குப் போகுது. அலைவரிசை மாறினா ரிசீவர்ல மாத்திக்கலாம்." சரிதான். இதைக்கூட யோசிக்காமல் ஓடி வந்திருக்கிறேன்.

பிறகு அந்தப் பழைய செயற்கைக்கோளின் கதையைச் சொன்னான். அதன் முதல் பெயர் வெஸ்டார்-6. 1984 பிப்ரவரியில் சேலஞ்சர் விண்கலம் கொண்டுபோய் விட்டது. மோட்டார் சரியாக எரியாததால் போக வேண்டிய உயரத்துக்குப் போகாமல் தாழ்வான பாதையில் வீணாகச் சுற்றியது. அதே வருடம் நவம்பரில் டிஸ்கவரியில் போனவர்கள் விண்வெளியில் மிதந்தபடி அதைப் பிடித்து இறக்கினார்கள். 'விற்பனைக்கு' என்று எழுதிய அட்டையை ஒருவர் விண்வெளியிலேயே பிடித்துக் காட்டினாராம். பழுது பார்த்து, 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் ஏற்றி, அமெரிக்காவுக்கென்று செய்ததை ஆசியாவுக்கு மேலே நிறுத்திவிட்டார்கள்.

"ஆகாதுன்னு விட்டுட்டுப் போகாம, திரும்பப் போய் எடுத்துட்டு வந்திருக்கான் சார். பெரிய விஷயம்ல!" என்றான்.

அவன் எதையும் குத்திக்காட்டவில்லை. அவனுக்கு அந்தச் சுபாவமே கிடையாது. எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

புது செயற்கைக்கோள் வந்த பிறகு, ஒரு நாள் அவனே எங்கள் வீட்டு மாடியில் அந்த எட்டடி டிஷ்ஷைக் கொண்டுவந்து மாட்டினான். காசு வாங்க மறுத்துவிட்டான். படம் நின்றுபோய் எத்தனையோ வருடமாகியும் அதை நான் கழற்றவில்லை. அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் கழற்றலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குள் அவன் அப்பா காலமாகிவிட்டார். துக்கம் கேட்கப் போன இடத்தில்கூட என் வாயிலிருந்து வரவில்லை. நேற்று மாடி காலியான பிறகு, இனி சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றியது.

தம்பி, நீ இந்தப் பதிவைப் படிப்பாய் என்று தெரியும். 1988-ல் உன் அப்பாவிடம் நான் சொன்னது தவறு. உனக்குப் படிப்பு ஏறாமல் இல்லை. எனக்குத்தான் சொல்லிக் கொடுக்கப் பொறுமை இல்லை. அதை அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

உங்களில் இன்னும் சிலரைப் பற்றியும் நான் இப்படிச் சொல்லியிருப்பேன். எனக்கு நினைவில்லாவிட்டாலும் உங்களுக்கு நினைவிருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருக்கிறேன். வாருங்கள், முகத்துக்கு நேரே சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்